பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

பம்பாயின் சர்னி ரோடு தோட்டத்துக்குப் புத்தகமும் கையுமாக வந்து உட்காரும் பள்ளிப் பையன் ஒருவனை, அதே தோட்டத்துக்கு வாசிக்க வந்த ஓர் ஆசிரியர் சில நாளாகக் கவனித்து வந்தார். ஒரு நாள் பக்கத்தில் போய், எந்தப் பள்ளி, என்ன வகுப்பு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். பரேல் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஒற்றை அறையில் வாழ்ந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ராணுவ சுபேதாரின் மகன் அவன். வீட்டில் காலை நீட்டக்கூட இடமில்லை. படிக்க ஏது இடம்? விசாரித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். பையன் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

1907ல் பையன் மெட்ரிக் தேறினான். தீண்டப்படாத சாதியிலிருந்து ஒருவர் மெட்ரிக் தேறுவது ஊர் கூடிப் பாராட்டும் செய்தியாக இருந்த காலம். பாராட்டுக் கூட்டத்துக்கு வந்த கேலுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அதோடு முடிந்திருந்தால் அவர் இந்தக் கதையில் ஓர் அடிக்குறிப்பு. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் இண்டர்மீடியட் முடிந்த நேரத்தில் தந்தை ராம்ஜியின் கையில் காசு தீர்ந்துபோயிற்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், தகுதியுள்ள தீண்டப்படாத மாணவருக்கு உதவத் தயார் என்று அதற்கு முன்பே அறிவித்திருந்தார். கேலுஸ்கர் அதை நினைவில் வைத்திருந்தார். பேட்டிக்கு ஏற்பாடு செய்து, பையனைக் கூட்டிக்கொண்டு போனார். மன்னர் சில கேள்விகள் கேட்டார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

அந்த 25 ரூபாயில்தான் 1912ல் பி.ஏ. முடிந்தது. 1913 ஜூன் 4ஆம் தேதி பரோடா அரசோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது: மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு அமெரிக்காவில் படிப்பு, திரும்பி வந்தபின் பத்து ஆண்டு பரோடாவில் வேலை. ஜூலையில் நியூயார்க். கொலம்பியா பல்கலைக்கழகம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ‘கேலுஸ்கர் ஊக்கம் கொடுத்தார்’ என்ற ஒரு வரியோடு கடந்துவிடுவது நம் வழக்கம். அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் ஊக்கத்துக்கு அதில் சின்ன இடம்தான். புத்தகம் கொடுத்தார். எந்த உதவி எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். யார் மூலமாகப் போனால் அரண்மனைக் கதவு திறக்கும் என்று அறிந்திருந்தார். படிப்பு நின்றுவிடும் என்ற சமயம் பார்த்துச் செயல்பட்டார். தாமே கூடப் போனார். மன்னரின் அறிவிப்பு பம்பாயில் ஆயிரம் பேர் காதில் விழுந்திருக்கலாம். அதைப் பரேலின் ஒற்றை அறையோடு முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே பணம்தான் நினைவுக்கு வரும். பணம் தடைதான், சந்தேகமில்லை. ஆனால் ஏழை வீட்டில் இரண்டு விதமான வறுமை இருக்கிறது. ஒன்று கைக்காசு இல்லாமை. மற்றது ஆள் தெரியாமை. முதலாவதற்கு அரசும் அறக்கட்டளைகளும் திட்டம் போடுகின்றன. இரண்டாவதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. அது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க அதே ஆண்டுகளில் சென்னையில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்து ஜவுளிக் கடைக் கணக்கரின் மகன் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்து, எஃப்.ஏ. தேர்வில் தோற்று, வேலை தேடி அலைந்தவர். 1910ல் அவர் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். தம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கொடுத்து இந்த மூளையை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதம் பேராசிரியர் சேஷு ஐயரிடம் போயிற்று. அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பம்பாயில் பரோடா மன்னர் கொடுத்த அதே தொகை. தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் படித்தவர். மேலே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஜி.எச். ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போனது. பதிலைப் பார்த்தபின் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் நெவில், ராமானுஜனைப் பார்த்துப் பேசி, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதி, ஆண்டுக்கு 250 பவுண்டும் பயணச் செலவுக்கு 100 பவுண்டும் கிடைக்கக் காரணமானார். மார்ச் 17ஆம் தேதி கப்பல் கிளம்பியது.

இரண்டு கதைகளிலும் காசில்லாத இளைஞன், கண்டுகொண்ட பெரியவர், 25 ரூபாய், கப்பல் எல்லாம் உண்டு. ஆனால் சங்கிலிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் முகத்தில் அறையும். ராமானுஜனுக்கு ஒரு கடிதம் இன்னொரு கடிதத்தைப் பெற்றுத் தந்தது. ராமசாமி ஐயருக்கு சேஷு ஐயரைத் தெரியும், சேஷு ஐயருக்கு ராமச்சந்திர ராவைத் தெரியும். கணிதக் கழகமும் அரசு உத்தியோகமும் அக்கிரகாரமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்த உலகம் அது. ராமானுஜன் வீட்டில் பல நாள் அடுப்பு எரியவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் தட்டப்போன கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவர் பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள், அவரைத் திண்ணையில் உட்காரவைக்கத் தயங்காதவர்கள். அம்பேத்கரின் பக்கம் அப்படிப்பட்ட சங்கிலி கிடையாது. ஒரு சாதிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தாமாக எழுந்து வந்தால்தான் உண்டு. ஏழ்மை ஒன்றுபோல் தோன்றினாலும் அறிமுகங்களின் இருப்பு ஒன்றல்ல. இதைச் சொல்வது ராமானுஜனின் மேதைமையைக் குறைப்பது ஆகாது.

மூன்றாவது உதாரணம் கேரளத்திலிருந்து. கோட்டயம் மாவட்டம் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் வயல் வரப்புகளில் தினமும் பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நடந்து பள்ளிக்குப் போனவர். கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாட்கள் உண்டு. புத்தகம் வாங்கக் காசில்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு இருந்த அண்ணன் நீலகண்டன், பிற மாணவர்களிடம் புத்தகத்தை இரவல் வாங்கிக் கையாலேயே படியெடுத்துத் தம்பிக்குக் கொடுப்பார். வழிகாட்டி என்றால் கோட்டு போட்ட பேராசிரியரைக் கற்பனை செய்கிறவர்கள் இந்த அண்ணனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1945ல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் உதவியோடு நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். அங்கே அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். ஊர் திரும்பும்போது லாஸ்கி, பிரதமர் நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1949ல் நாராயணன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997ல் குடியரசுத் தலைவர். இந்த வாழ்க்கையில் எத்தனை திறமை, எத்தனை உழைப்பு என்பது வேறு கணக்கு. லாஸ்கி ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்ததும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.

பெரிய மனிதர்களின் கதைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஒரு வாசகர் சொல்லலாம். நியாயம்தான். தப்பிப் பிழைத்தவர்களின் பெயர்தான் வரலாற்றில் இருக்கும். கேலுஸ்கர் வராத தோட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் எண்ணிப் பார்த்துச் சொல்லும் ஆய்வுகளிடம் போக வேண்டும். அவை அமெரிக்காவில் நடந்தவை, உள்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கை பற்றியவை. ஆனால் கேள்வி இதேதான்: காசில்லாத வீட்டுப் பிள்ளை, உதவி இருந்தும் ஏன் விண்ணப்பிப்பதில்லை?

2008ல் ஒஹாயோவிலும் வடக்குக் கரோலினாவிலும் ஒரு சோதனை நடந்தது. எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் லாங் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த ஏழைக் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, கணக்கு எழுதிய கையோடு அரசு கல்வி உதவிக்கான நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். வரிக் கணக்கிலேயே பாதிக்கு மேல் பதில் இருந்ததால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இன்னொரு பிரிவினருக்கு ‘உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்’ என்று தகவல் மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. படிவம் நிரப்பித் தந்த வீடுகளின் பள்ளி இறுதி மாணவர்களில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 ஆக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

சில நிமிடம். எட்டு சதவீதப் புள்ளி. தகவலுக்குப் பூஜ்யம்.

மிச்சிகனில் 2015ல் சூசன் டைனார்ஸ்கியும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களின் வீட்டுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வண்ண உறை போனது. ‘உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, இதற்காக வருமானப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம்’ என்பது செய்தி. இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு, உறை போகாவிட்டாலும், விண்ணப்பித்திருந்தால் ஏறக்குறைய அதே சலுகை கிடைத்திருக்கும். புதுப்பணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நிச்சயம் மட்டுமே புதிது. உறை கிடைத்தவர்களில் 68 சதவீதம் விண்ணப்பித்தார்கள், கிடைக்காதவர்களில் 26 சதவீதம். சேர்ந்தவர்கள் 27க்கு 12. பசியோடு இருப்பவர் ‘ஒருவேளை கிடைக்கலாம்’ என்பதை நம்பி இலை போட்டு உட்கார மாட்டார் என்பது நம் ஊர்ப் பாட்டிகளுக்கு ஆய்வில்லாமலே தெரியும்.

உறை அனுப்பினாலே போதும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. வேறொரு குழு, ஆளுக்கு ஆறு டாலர் செலவில் கல்லூரித் தகவல் அடங்கிய உறைகளை அனுப்பி நல்ல பலன் கண்டதாகச் சொன்னது. அதே யோசனையை நாடு முழுவதும் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விரித்தபோது பலன் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அச்சடித்த தாளுக்கும், பெயர் சொல்லி உறுதி கொடுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அது.

இனி இன்றைய நிலவரம். ஓர் ஏழை மாணவி இங்கிருந்து முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொண்டு, மேசை மீது இருக்கும் தாள்களை மட்டும் பார்க்கலாம். மதிப்பெண் பட்டியல்கள், கல்லூரி முத்திரையோடு டிரான்ஸ்கிரிப்ட், சாதிச் சான்று, வருமானச் சான்று. கடைசி இரண்டும் இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்த் திரும்பும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் வேறு மாதிரி இருந்தால் அதற்குத் தனியாக ஒரு உறுதிமொழிப் பத்திரம். இதெல்லாம் அலைச்சல்; ஆனால் இந்த அலைச்சல் நம் வீடுகளுக்குப் பழக்கம்தான்.

பழக்கமில்லாதவை அடுத்து வருகின்றன. ‘நோக்க அறிக்கை’ என்று இரண்டு பக்கம்: நீ யார், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம். பன்னிரண்டு ஆண்டு பள்ளியிலும் மூன்று ஆண்டு கல்லூரியிலும் ‘நீ யார்’ என்று யாரும் கேட்காத பிள்ளை முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சந்திக்கிறது. பலர் கூகுளில் கிடைத்த மாதிரியைப் பார்த்து, ‘சிறுவயது முதலே எனக்கு’ என்று தொடங்குகிறார்கள். பிறகு பரிந்துரைக் கடிதம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பேராசிரியருக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பும். கல்லூரி முகவரியிலிருந்துதான் பதில் வர வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். சின்ன ஊர்க் கல்லூரிப் பேராசிரியர்கள் பலரிடம் இருப்பது ஜிமெயில். ‘நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்’ என்பது சாதாரணமாகக் கேட்கும் வாக்கியம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் கடிதம் எதற்கு, அதில் என்ன இருக்க வேண்டும் என்பது அவருக்கும் யாரும் சொல்லித் தராதது.

பணம் வரும் இடத்திலும் தெரிந்தவர் இல்லாவிட்டால் கால் இடறும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்று படித்துவிட்டுக் கனவு காணத் தொடங்குகிறவர்கள் நிறைய. விசாவுக்கு முன்பே ‘முடக்கக் கணக்கு’ என்ற ஒன்றில் ஆண்டுச் செலவுக்காக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில்தான் இருக்கும். பிரிட்டன் இன்னொரு மாதிரி. செலவுக்கான பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. 2025 ஜனவரியில் லண்டனில் படிக்க மாதம் 1,483 பவுண்டு காட்ட வேண்டியிருந்தது. ஒன்பது மாதத்துக்கு 13,347. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிக் கணக்கில் போட்டு, இருபதாம் நாளில் கடன்காரருக்குக் கொடுக்க ஐம்பதாயிரம் எடுத்துவிட்டால் விசா போச்சு. இந்த விதியை முன்கூட்டியே சொல்ல ஒருவர் இருப்பது ஒரு கல்வி ஆண்டைக் காப்பாற்றும்.

கல்விக் கடனும் அப்படித்தான். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம். அதற்கு மேல் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்பு 7.5 லட்சத்துக்குள் அடங்குவது அபூர்வம். புறம்போக்கில் குடிசை போட்டவர் எதை அடமானம் வைப்பார்?

வழி சொல்ல ஆளில்லாத இடத்தில் கன்சல்டன்சிகள் வந்து உட்காருகின்றன. மாவட்டத் தலைநகர்ப் பேருந்து நிலையங்களுக்கு எதிரே உலக உருண்டைப் படம் போட்ட பலகைகளைப் பார்க்கலாம். அவர்களை எல்லாம் மோசடிக்காரர்கள் என்று சொல்வது நியாயமில்லை. படிவம் நிரப்புவதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் உண்டு. சிக்கல் வருமானம் வரும் திசையில் இருக்கிறது. மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் கொடுக்கும் பல்கலைக்கழகங்களிடமிருந்துதான் அவர்களுக்குப் பெரும்பங்கு வருமானம். அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, மேலே மாதச் சம்பளமும் உண்டு; கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் பல. இவற்றைச் சொல்லிக் கொடுப்பதில் ஏஜென்டுக்குக் காலணா லாபம் கிடையாது. ஆக, காசில்லாத பிள்ளைக்கு எது மிகவும் பயனுள்ள தகவலோ, அது சந்தையில் விற்பனைக்கு வராத தகவல்.

அரசு என்ன செய்தது என்ற கேள்விக்கு மறுபடி அம்பேத்கரிடம் போக வேண்டும். 1942ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி லின்லித்கோ பிரபுவுக்குக் கொடுத்த மனுவில், வெளிநாட்டுப் படிப்புக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். தமக்குக் கிடைத்தது ஒரு மன்னரின் தயவு. அடுத்தவர்களுக்கு அது உரிமையாக, பட்ஜெட்டில் ஒரு தலைப்பாக இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. சுதந்திரத்துக்குப் பின் 1954-55ல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள். இத்தனை பெரிய நாட்டுக்கு 125.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். 2022ல் ஒரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. 1916 மே மாதம் கொலம்பியாவில் ஓர் ஆய்வரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி அம்பேத்கர் வாசித்த கட்டுரை உலகப் புகழ் பெற்றது. இன்று அதே தலைப்போடு அவர் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பப்படுவார். 2025-26ல் 106 பேர் தேர்வாகி, முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை வந்தது. மீதி 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று பதில். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பல்கலைக்கழகம் ‘நிதி இருப்பைப் பொறுத்து’ காத்திருக்காது.

கிடைத்தவர்களுக்கும் ஒரு கணக்கு இடிக்கிறது. 2024-25 நெறிமுறைப்படி பிரிட்டனில் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவு ஆண்டுக்கு 9,900 பவுண்டு, தற்செயல் செலவுக்கு 1,100. லண்டனில் ஒன்பது மாதத்துக்கே 13,347 வேண்டும் என்று 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு சொன்னதை மேலே பார்த்தோம். 1920ல் மறுபடி லண்டனுக்குப் போன அம்பேத்கர் அங்கே அரைவயிற்றோடு படித்ததை வாழ்க்கை வரலாற்றாளர் தனஞ்சய் கீர் எழுதியிருக்கிறார். இரவு பத்து மணிக்குப் பசி தாங்காமல், தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தைத் தகரத் தட்டில் சுட்டுத் தின்பாராம். நூறு ஆண்டு கழித்தும் அப்பளத்துக்கு வேலை இருக்கிறது.

தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. தொகை பெரியது. ஆனால் முதலில் இடம் வாங்கிக்கொண்டு வந்தால்தான் பணம். இடம் வாங்கும் வித்தை விண்ணப்பப் படிவத்தில் இல்லை.

இந்த இடைவெளியில்தான் அண்மை ஆண்டுகளில் சிலர் நுழைந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராஜு கேந்த்ரே தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு அதில் ஒன்று. கேந்த்ரே தம் வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்தவர். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை பெற்று லண்டனில் படித்தவர். இப்படிப்பட்ட அமைப்புகளின் முறை எளிது: ஏற்கெனவே போய்ப் படித்தவர், இப்போது விண்ணப்பிப்பவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்துவது, நேர்காணலுக்குத் தயார் செய்வது, தேதிகளை நினைவூட்டுவது. மகாபாரத ஏகலைவனுக்குக் குரு கிடைக்கவில்லை. சிலையை வைத்துப் படித்தான், கடைசியில் கட்டைவிரலும் போயிற்று. அந்தப் பெயரை ஓர் அமைப்புக்கு வைப்பதில் இருக்கும் குத்தல் கவனிக்கத்தக்கது.

இந்த முறையிலும் உறுத்தல்கள் உண்டு. வெளிநாட்டுத் தேர்வுக் குழுக்களுக்குப் பிடித்த ஒரு கதை வடிவம் இருக்கிறது: கஷ்டம், விடாமுயற்சி, திருப்பம், சமூகத்துக்குச் செய்யப்போகும் சேவை. நல்ல வழிகாட்டிக்கும் அந்த வடிவம் தெரியும். அதனால் அம்மா கூலி வேலைக்குப் போனதை எந்தப் பத்தியில் வைப்பது என்று விவாதம் நடக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை தன் அறிவுத் தேடலை எழுதினால் போதும்; ஏழைப் பிள்ளை தன் காயத்தைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். நீரியல் படிக்கப் போகிறவரிடம் நீரியலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்பது என்ன மரியாதை? இதை உணர்ந்த வழிகாட்டிகள் ‘உன் துறையை முதலில் எழுது’ என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும், மாணவருக்கு மட்டுமல்ல.

போய்ச் சேர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. கொலம்பியாவில் அம்பேத்கரின் பேராசிரியர் செலிக்மன், லண்டனில் இருந்த சிட்னி வெப்புக்கு அவரைப் பற்றி எழுதினார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு முடிவதற்குள் பரோடாவின் உதவிக் காலம் முடிந்து, ஊருக்குத் திரும்பச் சொல்லி ஆணை வந்தது. ஆய்வு பாதியில் நின்றது. அப்போது அவர் சம்பாதித்த மிக மதிப்பான பொருள் ஓர் அனுமதி: 1917 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுக்குள் எப்போது வந்தாலும் படிப்பைத் தொடரலாம். பேராசிரியர் எட்வின் கேனனின் பரிந்துரையால் கிடைத்தது அது. அந்தத் தாள் இருந்ததால்தான், பின்னர் பம்பாய் சிட்னம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், கோலாப்பூர் ஷாஹு மகாராஜா கொடுத்ததும், நண்பர் நவல் பாதேனாவிடம் கடன் வாங்கியதும் 1920ல் பயன்பட்டன. 1923ல் ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. கிடைத்தது, புத்தகமாக வந்தபோது முன்னுரை எழுதியவர் கேனன்.

ஆனால் அதற்கு நடுவே பரோடா இருந்தது. பத்து ஆண்டு ஒப்பந்தப்படி 1917 செப்டம்பரில் அவர் வேலையில் சேரப் போனார். அமெரிக்கப் பட்டம் வாங்கிய மனிதருக்கு அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாளில் தடியோடு ஓர் ஆட்கூட்டம் மாடியேறி வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரைக் கேட்டார். ஒருவர் வேலைக்காரர்களைக் காரணம் காட்டினார், மற்றவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பம்பாய் ரயிலுக்கு இரவு ஒன்பது மணி. இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பரோடாவின் காமாட்டி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்தார். சர்னி ரோடு தோட்டத்தில் ஒருவர் வந்து பக்கத்தில் பேச்சுக் கொடுத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தப் பூங்காவில் யாரும் வரவில்லை. எட்டு மணி வாக்கில் வண்டி பிடித்து ரயில் நிலையத்துக்குப் போனார்.